ரோசம்மா இருந்த அறை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாவது வரை படித்த கொத்தனார், சுவரைத் தவிர எதுவும் தெரியாது. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கேரளத்திலிருந்து ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்கு வேலைக்கு வந்த கிறிஸ்தவர்கள், செத்தால் ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல், அந்தக் காலத்திலேயே சங்கம் வைத்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே கல்லறை கட்டினார்கள். கருங்கல் கட்டடம், இரண்டு பக்கமும் ஆள் நீளத்துக்கு அடுக்கடுக்காக அறைகள், நடுவில் ஒரு கிணறு. பெட்டியை அறைக்குள் தள்ளிச் செங்கல் வைத்து அடைப்போம். அடுத்த சாவுக்கு இடமில்லை என்றால், பழைய அறையைத் திறந்து எலும்பைக் கிணற்றில் சேர்த்துவிட்டுப் புதியவரை வைப்போம். அடைப்பதும் திறப்பதும் என் வேலை.

என் மனைவி ரோசம்மா அந்தச் சங்கத்துக் குடும்பம். என்னிடம் சித்தாளாக வந்தவள். ஒன்பது வருடம் முன்பு அவளையும் நானே வைத்து அடைத்தேன்.

போன ஆடியில் சங்கத்துச் செயலாளர் தாமஸ் அண்ணன் வந்தார்.

"ஏனுங்க, கிளியூர்ப் பெரியவர் போயிட்டாருங்க. நாளைக்கு மத்தியானம் எடுக்கறோம். இப்ப மொறை ரோசம்மாளோடதுங்க."

"சரிங்க."

"மனசு கேக்கலீன்னா சொல்லுங்க. வேற அறை பாக்கலாம்."

"வேண்டாங்ணா."

"சேலத்துல இருந்து ஆளாவது கூட்டிக்கறேனுங்க."

"நான் கட்டுன சொவத்த ஒடைக்க அவனுக்கு ரெண்டு நாளாகுமுங்க."

சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஒரே பனிமூட்டம். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. அவள் அறையின் மேல்வரிசைச் செங்கலை எடுத்து உள்ளே டார்ச் அடித்தேன். வெளியே நின்று அடைக்கும்போது கலவை உள்பக்கம் பிதுங்கித் தொங்கும், அங்கே கை போகாது. ஆனால் உள்பக்க இடுக்கெல்லாம் விரலால் வழித்து, சாக்குத் துண்டால் துடைத்திருந்தது. சித்தாளாக இருந்தபோது என் பின்னாலேயே வந்து ரோசம்மா செய்கிற வேலை அது.

நிறுத்தவில்லை, கை தானாக உடைத்துக்கொண்டே போனது. கீழே வரவரக் கலவை உளியில் ஒட்டியது. ஒன்பது வருடமாகியும் ஈரம்.

வெளியே சவ ஊர்வலத்து மணிச்சத்தமும் தாமஸ் அண்ணன் குரலும் கேட்டன.

"ஆச்சுங்களா கொத்தனாரே?"

"ஆச்சுங்க" என்றேன். எலும்புகளை நானே அள்ளிக் கிணற்றில் சேர்த்தேன். பெரியவரை வைத்து அடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இடுக்குத் துடைக்கிற வேலை எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். அடிவரிசை மட்டும் நான் விட்டபடியே பிதுங்கியிருந்தது. வேறு அறை பாருங்கள் என்று தாமஸ் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த ஒரு வரிசைதான் பாக்கி.