கடைசிக் கவளம்

மாலை வெயில் சாய்ந்ததும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காபிக் குடுவையும் உப்புக்கண்டப் பொட்டலமுமாகக் கிளம்பிவிடுவார் எக்கார்ட். தண்ணீர்க் குட்டையைப் பார்த்த பரணில் ஏறி உட்கார்ந்தால் இருட்டும்வரை அசைய மாட்டார். திரும்பி வந்ததும் மனைவி இர்ம்கார்டின் கேள்வி தயாராக இருக்கும்.

"என்ன, இன்னைக்கும் கண்ணாலயே சுட்டுட்டு வந்தாச்சா?"

முட்டி மடங்க மறுத்த வருஷம் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேட்டை பாவமென்று மனம் மாறிவிட்டார் என்று அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பனிக்காலையில் தடம் பார்த்து நடந்தது, நெருப்பில் பொரிந்த ஈரல், சுற்றி உட்கார்ந்து புளுகித் தள்ளிய நண்பர்கள்... இதற்கெல்லாம் இன்றும் ஏங்குகிறார். "சும்மா பாக்குறது வயிறு நிறையாத சாப்பாடு" என்பார், ஒளிக்காமல்.

வேட்டையாடிய நாட்களில், சுட்ட மான் விழுந்ததும் தொப்பியைக் கழற்றுவார். பச்சைக் கொத்து ஒன்றை ஒடித்து அதன் வாயில் வைப்பார். செத்த மானுக்கு மரியாதையாகக் கடைசிக் கவளம். நமீபியாவுக்குக் கப்பலேறி வந்த ஜெர்மன் தாத்தாக்கள் கொண்டுவந்த வழக்கம் அது. அதைச் செய்யாமல் மானை வண்டியில் ஏற்றிய விருந்தாளியை அவர் மறுமுறை வீட்டுக்குள் சேர்த்ததில்லை.

இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அவருடைய கடைசி வேட்டையில் டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடிய முறுக்குக்கொம்பு மான், இப்போது எலும்பும் தோலுமாகக் குட்டைக்கு வருகிறது. பக்கத்துப் பண்ணை வுல்ஃப் விடவில்லை.

"கழுதைப்புலி அதை உயிரோட தின்னுடும்டா. நீயே ஒரு குண்டு போட்டு முடிச்சு விடு."

நேற்று துப்பாக்கியோடு போனார். குறி பார்த்தபோது நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. மான் தண்ணீர் குடித்தது. பிறகு கழுத்தை எட்டி, காய்ந்த குச்சி ஒன்றைக் கடித்து, விடாமல் மென்றது. எக்கார்ட் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"சத்தமே கேக்கலையே?" என்றாள், அவர் வீடு திரும்பியபோது வாசலில் நின்ற இர்ம்கார்ட்.

"அதுக்கு இன்னும் பசிக்குதுடி."

பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி அவள் காப்பாற்றி வரும் ஆரஞ்சு மரத்துக்கு நேராக நடந்தார்.

"யோவ் கிழவா! அதுல மட்டும் கை வச்சே..."

எக்கார்ட் தொப்பியைக் கழற்றினார். இர்ம்கார்ட் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். படியிறங்கி வந்து, அவர் கைக்கு எட்டாத பச்சைக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டாள், அவர் ஒடிப்பதற்கு வாகாக.