எட்டு வாரத்தை நாலாகப் படிக்கச் சொன்னார்கள்

உடற்பயிற்சிக் கூடத்தில் உண்மையில் இளைத்துப்போவது, பயிற்சி செய்கிறவர்கள் அல்ல, வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர் பதிகிறவர்தான். படித்தது ஒன்று, பார்க்கிற வேலை வேறொன்று என்று காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் நடுவில், சரித்திரத்தில் பட்டம் வாங்கிய நான், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பிஸ்கட் கடையின் மாடியில், பெண்களுக்கான ஏரோபிக்ஸ் கூடத்தில் அந்த மேசையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்த அப்பா, "மக ஈப்போவுல ஆபீசரு" என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குத் தினமும் உண்டு.

இந்தக் கதையின் தொடக்கத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. இன்னொருவர் வாயிலிருந்து என் காதுக்கு வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

விரால் சூப்

கூடத்தைப் பெருக்கும் பார்வதி அக்காவின் தங்கை, சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி முதலாளி வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அந்த வீட்டம்மா ருக்குமணி அக்கா எங்கள் உறுப்பினர். கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். பேங்காக் போய்விட்டு வந்தாராம். வந்ததிலிருந்து மூன்று வேளையும் விரால் மீன் சூப்பாம். நம் ஊரில் ஒரு வீட்டில் விரால் சூப் கொதித்தால், யார் உடம்பிலோ கத்தி பட்டிருக்கிறது என்று அர்த்தம். புண் சீக்கிரம் ஆறும் என்று குடிப்பது.

ருக்குமணி அக்காவுக்குக் கைக்குழந்தையும் இல்லை, வயிற்றில் தழும்பும் இல்லை. குப்புறப் படுத்தே தூங்குகிறார் என்பதை வைத்துத் தங்கை இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பின்புறம் எடுப்பாகத் தெரிவதற்காக இரண்டு பக்கமும் சிலிக்கோன் வைத்துத் தைத்திருந்தார்கள். பார்வதி அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இங்க இருபது பொம்பளைங்க அதைக் கொறைக்கத்தானே குதிக்கிறாங்க. இவங்க என்னடான்னா வாங்கி வச்சிட்டு வாராங்க லா!"

உட்காராத விரதம்

கத்தி பட்ட இரண்டாவது வாரம் ருக்குமணி அக்கா வந்தார். குதிக்கவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். பெஞ்சைக் காட்டினேன். வேண்டாம் என்று சுவரோரம் நின்றார். ஒரு மணி நேரம் நின்றார்.

கமலா என்று ஓர் உறுப்பினர். கணவர் பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. ஒல்லியான ருக்குமணி அக்காவுக்குப் 'பலகை' என்று பட்டப்பெயர் வைத்ததே இவர்தான். "ஏன் ருக்கு, உக்காந்தா என்ன?" என்று விடாமல் கேட்டார். ருக்குமணி அக்கா யோசிக்கவே இல்லை. "முருகனுக்கு வேண்டுதல். மூணு வாரம் உக்கார மாட்டேன்."

அவ்வளவுதான். அடுத்த வகுப்பில் கமலாவும் உட்காரவில்லை. அதற்கடுத்த வகுப்பில் இன்னும் மூன்று பேர். பெஞ்சு காலியாகக் கிடக்க, சுவரோரம் ஐந்து பேர் நின்றார்கள். உண்மை தெரிந்த நான் குற்றவாளிபோல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாமா என்று துடித்தேன். அதற்குள் கமலா இனிப்புப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். "வேண்டுதல் பலிச்சிருச்சு லா! எங்க வீட்டுக்காரருக்கு ஈப்போ பக்கமே மாத்தல் கெடச்சிருச்சு!"

கடிதம்

நாலாவது வாரக் கடைசியில் எங்கள் கூடத்தின் ஆண்டு நிகழ்ச்சி. மேடையில் ஏரோபிக்ஸ். ருக்குமணி அக்கா முதல் வரிசையில் ஆட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டர் கடிதம் கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்து, 'பயிற்சி செய்யலாம்' என்று நான் பாரத்தில், அதாவது படிவத்தில், கையெழுத்துப் போட வேண்டும். ருக்குமணி அக்கா ரகசியமாக என்னிடம் நீட்டிய கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் படித்துச் சொன்னேன்: நடக்கலாம். ஓடுவது, குதிப்பது, உட்கார்ந்து எழுவது எதுவும் எட்டு வாரத்துக்குக் கூடாது. மீறினால் தையல் விடலாம், வைத்தது இடம் மாறலாம்.

ருக்குமணி அக்காவின் கண் கலங்கியது. "இருபது வருசம் லோரில அவரு பக்கத்துல குந்தியே எல்லாம் தேஞ்சுபோச்சு. பலகை, பலகைன்னு கூப்பிட்டாளுங்க. ஒரு நாளு, ஒரே நாளு அவளுங்க முன்னாடி ஆடணும்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகவும் நியாயமான ஒன்றைக் கேட்பவர்போலக் கேட்டார்: "எட்டுன்னு இருந்தா என்ன, நீ நாலுன்னு படியேன். படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

கையெழுத்து

எங்கள் முதலாளி மேடம் வோங், தோட்டத்துச் சீனக் கடைக்காரர் மகள். என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். நிகழ்ச்சிக்குச் சட்டைகள் தைக்கப் பணம் கொடுத்தவரே ருக்குமணி அக்கா என்பதால், மேடம் என்னைத் தனியே அழைத்தார். "நீ என்ன டாக்டரா? கையெழுத்துத்தானே, போட்டுட்டுப் போ. இல்லாட்டி நாளைக்கு வர வேணாம்."

டாக்டர் இல்லை என்பதுதான் என் சிக்கலே. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. மேசைக்குத் திரும்பிப் பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பேனாவோடு நான் படும் பாட்டைப் பார்த்து ருக்குமணி அக்காவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன்: "அக்கா, நான் நாலுன்னு படிச்சிடலாம். ஒங்க தையல் அதைக் கேக்குமா?"

அவர் படியிறங்கிப் போனார். மேடம் பாரத்தைப் பிடுங்கிக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் தலைவலி என்றேன். மூன்றாம் நாள் பார்வதி அக்கா தேடி வந்தார். "மேடம் கூப்பிடுறாங்க. பேரு பதிய ஆளில்லையாம். பட்டம் வாங்குன புள்ளைக்குக் கோவமெல்லாம் வரக்கூடாதாம்."

முதுகு காட்டியவர்

நிகழ்ச்சி நாளில் ருக்குமணி அக்கா ஆடவில்லை. ஆனால் மேடையில் இருந்தார். ஆடுகிறவர்களுக்கு எதிரே நின்று, கை தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கை சொன்னார். இது அவரே கண்டுபிடித்த வேலை. எண்ணிக்கை சொல்பவர் ஆடுகிறவர்களைத்தான் பார்க்க வேண்டும். அப்படியானால் மண்டபத்துக்கு அவர் முதுகுதான் தெரியும். நாங்கள் சிலுவார் என்று சொல்லும் இறுக்கமான கால்சட்டையில், அசையாமல், பாட்டு முடியும்வரை மண்டபத்துக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

முதல் வரிசையில் குதித்து மூச்சு வாங்கிய கமலா, இறங்கியதும் நேராக அவரிடம் வந்தார். நான் பயந்துபோனேன். கமலா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ருக்கு, இந்தச் சிலுவாரை எந்தத் தையக்காரன் தச்சான்? வெட்டு பிரமாதமா இருக்கு!"

எட்டு வாரம் முடிந்த மறுநாள் ருக்குமணி அக்கா வந்து குதித்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டாக்டர் எட்டு என்று எழுதியது சரிதானா என்று, நர்ஸாக இருந்த என் பள்ளித் தோழியிடம் பிற்பாடு விசாரித்தேன். அவள் சொன்னாள்: "சில டாக்டருங்க ஆறுன்னும் சொல்வாங்க. நாலு வாரத்துல குதிக்கலாம்னு மட்டும் ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல."

மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் படித்ததற்கு, அந்த மேசையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், எட்டை எட்டு என்று படித்ததுதான்.