என் இடது காலில் விளைந்த ரவை

முதலில் வந்தது வலி அல்ல, ஈரம். வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். இடது செருப்புக்குள் பிசுபிசுவென்று எதுவோ வழுக்கியது. குனிந்து பார்த்தேன். உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவில் ஆரம்பித்துச் சின்ன எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்த கட்டி வாயைத் திறந்திருந்தது. மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறத்தில் சீழ். ஊறவைத்து மறந்துபோன பருத்திக்கொட்டையின் நாற்றம். முன் பெஞ்சில் இருந்தவன் திரும்பிப் பார்த்து மூக்கைப் பொத்தினான். நானும் சேர்ந்து பொத்திக்கொண்டு, "எவம்லே இது?" என்று கேட்டேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் காலில் வலிக்காத கட்டி ஒன்று இருக்கலாம். வலிக்காததால் நீங்களும் சும்மா இருந்திருப்பீர்கள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. இது அருவருப்பான நோய். கடைசி நாள் வரை அருவருப்பாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

எனக்கும் பால்பாண்டிக்கும் சைக்கிள் கிறுக்கு. அவன் என் வகுப்புத் தோழன். எட்டயபுரம் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன். என் அப்பா கோவில்பட்டியில் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறார். இருவரிடமும் தடித்த பட்டன் டயர் போட்ட கியர் சைக்கிள் இருந்தது. அந்தத் திமிர் போதாதா?

எங்கள் பக்கம் தரை தட்டையாகக் கிடக்கும். அதனால் எங்கே ஒரு பாறை தலை தூக்கினாலும் அதன் உச்சியில் ஏறிப் பார்க்காமல் விடமாட்டோம். கழுகுமலைக்குப் பஸ்ஸில் போய்ப் படியேறுகிறவர்களை மனிதர்களாகவே மதிக்கமாட்டோம். எங்கள் வழி வண்டிப்பாதை, காய்ந்த ஓடை, ஆட்டுத்தடம். சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய், பாறைச் சரிவில் கியரை இறக்கி, முடிகிற வரைக்கும் மிதித்து, முடியாத இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். மேலே நின்று மூச்சு வாங்குகையில் ஊரே எங்களுக்குக் கீழே என்று தோன்றும்.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்ததும் குருமலைப் பக்கம் கிளம்பினோம். கிளம்பியதே மடத்தனம். நனைந்த கரிசல் டயரில் அப்ப ஆரம்பித்தால் சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடி போகலாம், மறுபடி அப்பும். செருப்புப் போட்டு நடந்தால் காலுக்கு ஒரு படி மண் ஒட்டும், அப்புறம் வார் அறும். கரிசலில் வளர்ந்தவன் அப்போது ஒன்றைத்தான் செய்வான். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பான். நாங்களும் நடந்தோம்.

சகதிக்குள் ஒரு வேலிக்கருவை முள் கிடந்திருக்கிறது. என் எடையும் சைக்கிளின் எடையும் சேர்ந்து அதன்மேல் இறங்கின. உருவியபோது நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டது. பால்பாண்டி அரைஞாண் கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து நோண்டிப் பார்த்தான்.

"நுனி உள்ள நிக்குலே. வரமாட்டேங்கு. திரும்பிருவமா?"

"திரும்பவா? உச்சி அந்தா தெரியுது. மண்ண அப்பு, ரத்தம் நிக்கும்."

"இந்தச் சகதியவா?"

"ஏன், ஒங்கைய்யா கால்ல மம்பட்டி பட்டா என்னத்த வைக்காவ? நம்ம கரிசலுக்கு மிஞ்சின மருந்து உண்டாலே? நல்லா அழுத்தி வையி."

அவன் அள்ளி அப்பினான். குளிர்ச்சியாக இருந்தது. ரத்தமும் நின்றது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் செய்கிற வைத்தியம்தான் இது. மண்ணின் மீது இருக்கிற பெருமையை அப்படியே புண்ணில் வைத்து அடைப்பது.

உச்சியில் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். மழை கழுவிய காடு கன்னங்கரேலென்று கிடந்தது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சோம்பேறித்தனமாகச் சுற்றின. மணியாச்சியை நோக்கி ஒரு ரயில் புழுப்போல ஊர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. இல்லை என்றால் பொய்.

காயம் மூடிக்கொண்டது. முள்ளை மறந்துவிட்டேன். பங்குனி வாக்கில் அந்த இடத்தில் கல் மாதிரி ஒரு கட்டி. வலி இல்லை. பெடலில் அது அழுந்தாதபடி காலைச் சாய்த்து வைத்து மிதிக்கப் பழகினேன். அப்படியே இன்னும் நாலைந்து பாறைகள் ஏறினோம். வகுப்பில் அது உடைந்த பிறகு, பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டு ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். காய்ந்தது. பிறகு ஒன்று இருந்த இடத்தில் மூன்று வாய் திறந்தது.

வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அமுக்குவேன். சீழோடு குருணை குருணையாக எதுவோ வரும். விரலில் வைத்துத் தேய்த்தால் நெறுநெறுவென்று இருக்கும். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, துணியைச் சுருட்டிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, எதுவும் நடக்காதது போல வெளியே வருவேன். என் உடம்பை நானே இவ்வளவு வெறுப்பேன் என்று நினைத்ததில்லை.

ஒருநாள் அம்மா தட்டில் உப்புமா வைத்தாள். சரியாகக் கிளறாத ஓரத்தில் ரவை மஞ்சளாகக் கட்டி தட்டிக் கிடந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் என் காலில் இருந்து நான் எடுத்ததும் அச்சு அசல் அதேதான். தட்டிலேயே வாந்தி எடுத்தேன்.

"என்னலே, பித்தமா?" என்று ஓடிவந்தாள். காலைத் தூக்கிக் காட்டினேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா இந்தக் காலோடயா என் அடுப்படிக்குள்ள வந்து போயிக்கிட்டு இருந்த?"

கையில் இருந்த கரண்டியால் தோளில் ஒன்று போட்டாள். பிறகு அழுதாள். பிறகு வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன.

அப்பாவுக்கு வேறு பயம். "குஷ்டம்னு கெளப்பி விட்ருவானுவலே. எவன் கேட்டாலும் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். கேட்டவர்கள் வாயால் 'ஐயோ பாவம்' என்றார்கள், கால் ஓர் எட்டுப் பின்னால் போனது. ஒரு சொந்தக்காரம்மா நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. நானாக இருந்தால் உட்கார்ந்தே இருக்கமாட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் அப்பா கூட்டிப்போனார். அந்தம்மா காலை வெறுமனே பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிட்டார். மைசெட்டோமா (முள் குத்திய வழியாக மண்ணில் இருக்கிற கிருமி உள்ளே போய், சதைக்குள் பெருகி, துளைத்து வெளியே வருகிற நோய்). இதற்கு மதுரைக் கால் என்றும் ஒரு பெயர். உலகத்து டாக்டர்கள் படிக்கிற புத்தகத்தில் எல்லாம் நம்ம பக்கத்து ஊர்ப் பெயர் இப்படித்தான் ஏறியிருக்கிறது.

"குருணை வருமே, என்ன நிறம் தம்பி?"

"வெள்ளை... மஞ்சள்... ரவை மாதிரி."

"கருப்பா எதுவும்?"

"சில நாள் கருப்பாவும் வரும்."

பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாக விளக்கினார். மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா, நாள்பட மருந்து கொடுத்தால் அடங்கும். கருப்பாக இருந்தால் பூஞ்சை. அதற்கு மருந்து அவ்வளவாகக் கேட்காது, வெட்டி வெட்டி எடுக்க வேண்டிவரும். கடைசியில் பாதத்தையே எடுக்க நேர்ந்தவர்களும் உண்டு.

ஆக, என் கால் இருக்குமா போகுமா என்பது ஒரு நிறத்தில் நின்றது. ஆனால் நான் நடக்கிற மண்ணே கருப்பு. நான் பார்த்தது பூஞ்சையா, செருப்பில் இருந்த கரிசல் தூசியா? இரண்டு மாதமாகக் கழுவிக் கழுவிச் சாக்கடையில் விட்டவன் என்ன பதில் சொல்வான்? அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: குமட்டினாலும் அதைப் பாருங்கள், சுத்தமான துணியில் எடுத்துவையுங்கள், டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

காலைச் சுத்தமாகக் கழுவி, வெள்ளைத் துணி வைத்துக் கட்டினார்கள். மறுநாள் காலையில் டாக்டர் கையால்தான் பிரிக்க வேண்டும், அதுவரை கால் தரையில் படக்கூடாது. வார்டில் படுக்க வைத்தார்கள். எக்ஸ்ரேயில் நோய் எலும்பு வரை வந்திருந்தது, எலும்பை இன்னும் அரிக்கவில்லை.

மத்தியானம் பால்பாண்டி பஸ் பிடித்து வந்தான். நோய் மண்ணில் இருந்து வந்தது என்று டாக்டர் சொன்னதையும், பால்பாண்டி சகதி அப்பியதாக நான் டாக்டரிடம் சொன்னதையும் அப்பா அப்போதுதான் அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, நீதான மண்ண எடுத்து அப்புனவன்?"

பால்பாண்டி என்னைப் பார்த்தான். "ஆமாப்பா, நாந்தான்."

"சம்சாரி வீட்டுப் பிள்ளதான நீ? புண்ணுல சகதிய வைக்கலாமான்னு புத்தி வேண்டாம்? அவங்கால் போச்சுன்னா நீ தருவியா?"

அவன் தலை குனிந்து நின்றான். வைக்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் வாங்கிவந்த ஆரஞ்சைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். காலில் இருந்து வந்த நாற்றம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. நான் முழுசாகவே நாறினேன்.

காலையில் டாக்டர் கட்டைப் பிரித்தார். துணியில் ஈரமான திட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி, கண்ணைத் திற. நீயே பாரு."

பார்த்தேன். மஞ்சள். அத்தனையும் மஞ்சள். ஒரு கருப்புப் பொட்டுக்கூட இல்லை. ஊசி முனையால் ஒன்றை எடுத்துக் கண்ணாடித் துண்டில் நசுக்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பயாப்ஸியும் (சதைத் துணுக்கை வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்தது: பாக்டீரியாதான்.

"கால் இருக்கும். ஆனா எப்ப சரியாகும்னு மட்டும் எங்கிட்ட கேக்காத" என்றார்.

டாக்டர் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன். "எப்பா, மண்ண வைக்கச் சொன்னது நாந்தான். அவன் திரும்பிருவோம்னுதான் சொன்னான்."

"தெரியும்லே. நீ செவத்துப் பக்கம் திரும்புனயே, அப்பவே தெரியும்."

"பெறவு ஏன் அவன அப்படி வஞ்சீய?"

"ஒன்னய வைய முடியாம வஞ்சேன்" என்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுந்திருச்சு நடக்க ஆரம்பிச்சதும் மொத சோலியா அவன் வீட்டுக்குப் போகணும். நானும் வாரேன்."

போனோம். பால்பாண்டி என் காலைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு மண்ணே பெருசு, மண்ணுக்கு நீ பெருசில்ல பாத்தியா?" என்றான். அதோடு முடித்துக்கொண்டான். என்னால் இன்னும் முடித்துக்கொள்ள முடியவில்லை.

மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வாரம் அமிகாசின் ஊசி, இரண்டு வாரம் இடைவெளி, மறுபடி மூன்று வாரம். இடுப்பில் குத்த இடமில்லாமல் தழும்பேறியது. இந்த ஊசி காதையும் சிறுநீரகத்தையும் தொடும் என்பதால் இடைவெளியில் ரத்தச் சோதனையும், ஆடியோகிராமும் (ஒலி எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) உண்டு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'கீ' என்ற சத்தத்துக்குக் கை தூக்குவேன். சத்தம் வராதபோதும் பயத்தில் தூக்குவேன். கூடவே தினமும் இரண்டு வேளை மாத்திரை. தொண்டைக்குள் சுண்ணாம்புக் கட்டியை அடைத்த மாதிரி இருக்கும்.

நாலாவது மாதம் வாய்கள் மூடின. நான் பெரிய அறிவாளி, மாத்திரையை நிறுத்திவிட்டேன். இருபது நாளில் ஒரு வாய் திறந்தது. டாக்டர் திட்டவில்லை. எண்ணிக்கையை ஒன்றில் இருந்து மறுபடி ஆரம்பித்தார், அவ்வளவுதான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காய்ந்தது வேறு, செத்தது வேறு.

ஒன்றரை வருஷம் ஆனது. கால் இருக்கிறது. பார்க்க நன்றாக இல்லை. மூன்று கருத்த பள்ளங்கள், உப்பிய பாதம், ஊன்றும் இடத்தில் மரத்துப்போன தோல். இப்போதும் சைக்கிள் ஓட்டுகிறேன், வெயில் காலத்தில், காய்ந்த பாதையில். உச்சிகள் அதே அழகோடுதான் இருக்கின்றன. ஆனால் எவனாவது நம்ம மண் மருந்து என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறேன். குமட்டுகிறது.

இனி ஒருநாளும் வெறுங்கால் கூடாது, மூடிய ஷூதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வலது காலுக்கு எட்டு எடுத்துப் போட்டார். இடது கால் அதில் நுழையவில்லை. ஒன்பது சரியாக இருந்தது.

"ஒரு காலு எட்டு, ஒரு காலு ஒம்போதா? அப்பம் ரெண்டு சோடில்லா வாங்கணும் தம்பி."

"ரெண்டும் குடுங்க அண்ணாச்சி."

"மிச்ச ரெண்டையும் என்ன செய்யப்போறிய?"

"நீங்களே வச்சிக்கிடுங்க."

"நான் வச்சு என்னத்துக்கு? எடது எட்டு, வலது ஒம்போது. ஒங்களுக்கு நேர் எதிரா ஒருத்தன் வந்தாத்தான் உண்டு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வருவான். இந்நேரம் ஏதோ ஒரு காட்டில் வலது காலை முள் மேல் ஊன்றியிருப்பான். காயம் மூடியதும் மறந்துவிட்டு நடந்திருப்பான். அவன் உடம்பில் நாள் எண்ணத் தொடங்கியாகிவிட்டது, அவனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

"பெட்டியத் தூரப் போட்ராதீங்க அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, மேல்தட்டில் ஏற்றினார்.