மூன்று மணிக் கட்டம்

எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிடும்போதுகூடத் தட்டோடு நடப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவார். கால்நடை மருத்துவம் முடித்ததும் குதிரை ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்தபோது, என் காலுக்கு ஏற்ற வேலை என்று குதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். குதிரை என்றால் ஓட்டம் என்று யாரோ என் மண்டையில் எழுதி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரிக்கு வருகிற குதிரை ஓடாது. நிற்கும். அதன் பக்கத்தில் புது டாக்டரும் நிற்க வேண்டும்.

வயிற்றுவலியோடு ஒரு குதிரை வந்து சேர்ந்தால் மணிக்கொரு தடவை அதன் கொட்டடிக்குள் போக வேண்டும். இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும். பிறகு வயிற்றில் நாலு இடம், இந்தப் பக்கம் மேலும் கீழும், அந்தப் பக்கம் மேலும் கீழும். குடல் சத்தம் போடுகிறதா என்று கேட்க வேண்டும். அது நாம் கேட்கிற நேரத்தில் சத்தம் போடாது. தண்ணீர்க் குழாயில் காற்று போகிற மாதிரி எப்போதாவது ஒரு களகள. அதற்காகக் காதில் ரப்பரை மாட்டிக்கொண்டு குனிந்தபடி நிற்க வேண்டும். பிறகு உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்து, லத்தி போட்டிருக்கிறதா என்று தரையைப் பார்த்து, கதவுக்கு வெளியே தொங்கும் அட்டையில் அந்த மணிக்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் கால் மணி நேரம். ஒரு நாளைக்கு எத்தனை கால் மணி நேரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது மாதத்திலேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஏர்கான் போட்ட அறையில் பூனையை மடியில் வைத்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் லத்தி ஒட்டிய பூட்ஸோடு நின்றேன். ஆஸ்பத்திரி இருந்தது மலேசியாவில், ஈப்போவுக்கும் பத்து காஜா ஊருக்கும் நடுவில், ரப்பர் எஸ்டேட்டாக இருந்து கைமாறிய நிலத்தில். கட்டடத்துக்குப் பின்னால் நாலு வரிசை பால்மரம் மட்டும் யாரும் வெட்டாமல் நின்றது. கைப்பேசிக்கு அங்கேதான் நன்றாக லைன் கிடைக்கும். என் எரிச்சலையெல்லாம் அந்த மரங்களிடம்தான் கொட்டுவேன்.

எங்கள் கொட்டடிகளைப் பார்த்துக்கொண்டவர் ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்த ஒரு அண்ணன். குதிரைக்காரர்களை இங்கே மாஃபூ என்பார்கள். அவருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"என்னா தங்கச்சி, குதிரைய விட நீங்கதான் ரொம்ப காலத் தேய்க்கிறீங்க. ஒங்களுக்குத்தான் ஊசி போடணும் போலருக்கு லா."

"போடுங்கண்ணே. நல்லாத் தூங்குவேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. அதிலிருந்து ஒரு செவலைக் குதிரை இறங்கியது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை. அதைக் கொண்டுவந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பத்து காஜாவுக்கு அப்பால், பழைய எஸ்டேட் திடலில், சனி ஞாயிறுகளில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்துபவர். மற்ற நாள்களில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தார். கொட்டடிக்குள் விட்டதும் கட்டை விரலால் குதிரையின் நெற்றியில் சிலுவை போட்டார். குதிரை பழகியது போலத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது.

"காலையிலேருந்து புல்லத் தொடல டாக்டர். வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்குது. எனக்கு மனசே சரியில்ல."

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். அவர் சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்து, சுருக்கமாகப் பேசுவார். பெருங்குடலில் தீனி கெட்டியாகி அடைத்திருக்கிறது, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் கொடுத்தால் இளகும் என்றார். குடல் முறுக்கிக்கொண்டால் மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டும், அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றார். வலிக்கு ஊசி போட்டார். என்னைப் பார்த்து, "மணிக்கு ஒரு தடவை" என்றார். அவ்வளவுதான்.

ஒன்பது, பத்து, பதினொன்று. ஒழுங்காகத்தான் பார்த்தேன். துடிப்பு நாற்பத்து நாலு, நாற்பத்து நாலு, நாற்பத்தெட்டு. குடல் சத்தம் குறைவு, ஆனால் இருந்தது. அக்கா கதவுக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணிக்கு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், போக மனசில்லை என்று கையைப் பிசைந்தார்.

"போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்ல" என்றேன்.

இரண்டு மணிக்கு நாற்பத்து நாலு. அதுதான் நான் கடைசியாக எண்ணியது.

மூன்று மணிக்கு எனக்கு ஒரு வீடியோ அழைப்பு வர வேண்டியிருந்தது. ஈப்போ டவுனில் பூனை, நாய் பார்க்கிற கிளினிக். ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே எழுதிப் போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்தே என் மனசு அந்த மூன்று மணியில்தான் கிடந்தது. இரண்டே முக்காலுக்கு உடுப்பு மாற்றினேன். முகம் கழுவினேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொட்டடிப் பக்கம் வந்தேன். உள்ளே போனால் சட்டை அழுக்காகும், கால் மணி நேரம் ஆகும். அட்டையை எடுத்தேன். மூன்று மணிக் கட்டத்தில் நாற்பத்து நாலு என்று எழுதினேன். குடல் சத்தத்துக்கு நாலு இடத்திலும் கூட்டல் குறி போட்டேன். ஈறு நல்ல நிறம் என்று எழுதினேன். பேசி முடித்துவிட்டு வந்து நிஜமாகப் பார்த்துக்கொள்ளலாம், பத்து நிமிடம் தள்ளிப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது. இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். தலையை நிமிர்த்தி உள்ளே பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் போக முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேனோ என்னவோ.

பேச்சு பத்து நிமிடத்தில் முடியவில்லை. அவர்களுக்கு என்னைப் பிடித்துப்போனது. பால்மரங்களுக்கு நடுவில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே நன்றாகச் சிரித்துப் பேசினேன். முக்கால் மணி நேரம். அடச்சே என்று இருக்கிறது இப்போது நினைத்தால்.

அண்ணனின் குரல் கேட்டு ஓடினேன். அவர் மதியம் முழுக்க அந்தக் கோடியில் இன்னொரு குதிரைக்குக் காலில் எக்ஸ்ரே எடுக்கப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். செவலை கீழே கிடந்து புரண்டுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. சுவரில் மோதி ஒரு கண்ணுக்கு மேல் தோல் உரிந்திருந்தது. வயிறு மத்தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. துடிப்பு எண்பதைத் தாண்டியது.

"எவ்ளோ நேரமா இப்பிடிக் கெடக்கு? மூணு மணிக்கு நீங்க பாத்தீங்கதானே?" என்று அண்ணன் கேட்டார். நான் குதிரையின் ஈறைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பெரிய டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டார். நேராக அட்டையிடம் போனார். மூன்று மணிக் கட்டத்தில் விரலை வைத்தார். நாற்பத்து நாலு, சத்தம் இருக்கிறது. அப்படியானால் குடல் முறுக்கியது இந்த ஒரு மணி நேரத்துக்குள்தான், அதிர்ஷ்டம், உடனே திறந்தால் பிழைக்கும் என்றார்.

அக்கா அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். மகள் பள்ளி உடுப்போடு காரில் உட்கார்ந்திருந்தாள். "சத்து ஜாம் சாஜா" என்று ஒரு விரலைக் காட்டி அவரிடமும் மலாயில் சொன்னார் டாக்டர். ஒரு மணி நேரம்தான். அக்கா அந்த விரலைப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் கேட்டார்.

"நீங்கதானே பாத்தீங்க டாக்டர்? மூணு மணிக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமாக்கா."

எப்படி வந்தது அந்தச் சொல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா முகத்தில் அப்படியொரு தெளிச்சல். வயிற்றைத் திறக்கச் சம்மதம் என்று உடனே கையெழுத்துப் போட்டார்.

குதிரையை எழுப்பி, மயக்கம் கொடுக்கிற அறைக்கு நடத்திக்கொண்டு போனோம். சுவரெல்லாம் மெத்தை தைத்த அறை. மயக்க மருந்தை ஊசியில் ஏற்றுவது என் வேலை. ஒரு தடவை சிந்தினேன். இரண்டாவது தடவையும் சிந்தினேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்கு நான் பார்க்கவில்லை என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். அந்த எண் என் கற்பனை, கடைசியாகப் பார்த்தது இரண்டு மணிக்கு என்றேன்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். இரண்டு மணி நேரமாகக்கூட இருக்கலாம், அப்படியானால் குடல் செத்திருக்கலாம், தான் அந்த அம்மாவிடம் சொன்னது பொய்யாகிவிட்டது என்றார். பிறகு, அந்த அம்மா கையெழுத்துப் போட்டது உன் எண்ணை நம்பி, நீயே போய்ச் சொல், திறக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வா என்றார்.

முப்பது அடி தூரம்கூட இருக்காது. வாழ்நாளில் நான் மெதுவாக நடந்தது அன்றைக்குத்தான்.

அக்கா ஜெபமாலையைக் கையில் சுற்றி நின்றிருந்தார். சொன்னேன். ஒரே மூச்சில், போன் வந்தது, வேறு வேலைக்காக, பார்க்காமல் எழுதினேன், டாக்டருக்கும் தெரியாது, இப்போதுதான் சொன்னேன், பிழைக்கிற வாய்ப்பு குறைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவர் என் சட்டையைப் பார்த்தார். காலர் வைத்த சுத்தமான சட்டை.

"நான் இருக்கேன்னு சொன்னீங்களே" என்றார்.

பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ஆமாவும் பொய்யா?"

தலையாட்டினேன்.

ஜெபமாலையைப் பைக்குள் வைத்தார். மகள் இருந்த பக்கம் பார்த்தார். "தொறந்து பாக்கச் சொல்லுங்க. பாக்காம நான் விட முடியாது. நீங்க அங்க நிக்க வேணாம்" என்றார்.

ஆனால் நிற்கத்தான் வேண்டியிருந்தது, வேறு ஆள் இல்லை. வயிற்றைத் திறந்ததும் குடல் தானாக வெளியே வந்தது. கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஆரோக்கியமான குடல் வெளிர்ச் சாம்பலாக இருக்கும், தொட்டால் சுருங்கும். இதை டாக்டர் விரலால் தட்டினார். அசையவில்லை. முறுக்கைப் பிரித்துவிட்டுக் காத்திருந்தோம். நிறம் மாறவில்லை. நான் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு, மாறிவிடு, மாறிவிடு என்று வேண்டினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எதற்காகவும் அப்படி வேண்டியதில்லை. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். மயக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார் என்றார். கடைசி ஊசியை அவரே போட்டார். நான் இதயத்தின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குனிந்து நின்றேன். துடிப்பு ஓய்ந்த பிறகும் ஒரு முழு நிமிடம் கேட்டேன்.

கை கழுவியதும் டாக்டர் அட்டையை என்னிடம் நீட்டினார். மூன்று மணிக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்து, பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நாளையிலிருந்து நான் வரலாமா என்று கேட்டேன். காலை ஏழு மணி என்றார். அண்ணன் என்னைப் பார்க்காமல் இரத்தம் கழுவுகிற ஹோஸைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்.

பூனை கிளினிக்கிலிருந்து மாலையே செய்தி வந்துவிட்டது, எப்போது சேர முடியும் என்று. படித்தேன். பதில் போடத் தோன்றவில்லை.

ஆறு மணி வாக்கில் அக்கா குதிரையின் தலைக்கயிற்றை வாங்கிக்கொள்ள வந்தார். நானே கழுவித் துடைத்து வைத்திருந்தேன். வாங்கியவர் போகவில்லை. கயிற்றின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே நின்றார்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும் டாக்டர்."

"கேளுங்கக்கா."

"மூணு மணிக்கு அதுக்கு வலிச்சிருக்குமா? இல்ல, ஊசி போட்டதுல ஒன்னும் தெரியாம நின்னுருக்குமா?"

என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்ல அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. வலி தெரிந்திருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். சொல்லத் தெரிந்த வாய்தான். ஏற்கெனவே ஒரு தடவை சொன்னதுதானே.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவர் காத்திருந்தார். டாக்டர் என்றால் அதற்கு மேல் இன்னும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்குக் கால்கள் ஓடத் துடித்தன. நின்றேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. நான் உள்ள போகவே இல்ல."