ஐஸ் ஒட்டாத பெயிண்ட் விற்ற கதை

வியர்த்துக் கொட்டும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கடல் கப்பலுக்குப் பெயிண்ட் விற்பவனுக்கு முதலில் தோல் தடிப்பாக இருக்க வேண்டும். எதையாவது விற்றுப் பிழைக்கும் உங்களுக்கு இது புரியும்.

ஊருக்கு ஆகாத சரக்கு

குளிர்க் கடலில் அலை தெறித்துக் கப்பல் கம்பிகளில் உறைந்துவிடும். உறைய உறைய மேல்பாரம் ஏறிக் கப்பல் சாயும். அந்த ஐஸ் கெட்டியாக ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு. அதுதான் என் சரக்கு. நார்வேக் கம்பெனி ஒன்று விசாரித்ததுமே, ஆர்டர் வருவதற்குள் டிரம் டிரம்மாகக் கலக்கி அடுக்கிவிட்டேன். சில மாதத்தில் போகாவிட்டால் இறுகிப்போகும். கரமனையிலிருக்கும் என் ஷெட்டுக்குப் பூட்டுதான். கணக்கு பார்க்கும் வலியசாலை கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "சார், இந்த ஊர்ல ஃபிரிட்ஜுக்கு வெளில ஐஸைப் பாத்திருக்கேளா?"

குளிருக்கு வாடகை

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளான்டில் ஒரு மூலையை, கத்திப் பேசி, வாடகைக்குப் பிடித்தேன். பூச்சு அடித்த தகடு ஒன்று, அடிக்காதது ஒன்று. இரண்டின்மேலும் கடல்தண்ணீரைத் தெளித்து உறையவிட்டேன். அடிக்காத தகட்டில் ஐஸ் உடும்பாகப் பிடித்துக்கொண்டது. என் தகட்டில் விரலால் தட்டினேன். பாளமாகக் கழன்று விழுந்தது!

நான் குதித்த குதியைப் பார்த்துப் பிளான்ட் முதலாளி சுகுமாரன் தலையில் கைவைத்தார்: "அண்ணாச்சீ, ஐஸ் பிடிக்கணும்னு ஞான் கரண்ட் பில் அடைக்கேன். பிடிக்கக்கூடாதுன்னு நீங்க வாடகை அடைக்கிறீங்க. நம்மள்ல ஆருக்குக் கிறுக்கு?"

எதிரி ஒரு மரச் சுத்தியல்

சோதனை வீடியோவைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குக் கொள்முதல் செய்யும் கிழக் கேப்டன் வீடியோ காலில் வந்தார். அவர்கள் ஆட்கள் மரச் சுத்தியலால்தான் ஐஸை உடைக்கிறார்களாம். "உடைக்கிறவன் வழுக்கிக் கடலில் விழுந்தால்?" என்று எகிறினேன். மனுஷன் ஒத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை: "பெயிண்ட் மாதிரி சுத்தியலைக் காயவைக்க வேண்டியதில்லையே."

பையை மூடும் வித்தை

கடைசியில் அவர் கேட்ட விலைக்கு எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கட்டாது!" என்று வீடியோ காலைத் துண்டித்தேன். சாலைக் கடைத்தெருவில் அடிபட்டுக் கற்ற வித்தை அது: பையை மூடிக்கொண்டு நாலடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள்.

கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. தினமும் டிரம் மூடியைத் திறந்து, இறுகிவிட்டதா என்று குச்சி விட்டுப் பார்த்தேன். கோமதி வேறு, "இன்னும் நடந்துண்டே இருக்கேளா சார்?" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு நானே கூப்பிட்டேன். அவர் விலைக்கே சரி என்றேன். ஆத்திரம் தாங்காமல், ஏன் திரும்பக் கூப்பிடவில்லை என்றும் கேட்டுவிட்டேன். கேப்டனுக்கு நிஜமாகவே ஆச்சரியம்: "கட்டாது என்றீர்கள். நான் நம்பிவிட்டேன்."

டிரம்கள் கப்பலேறிவிட்டன, ஷெட் திறந்திருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: நாம் சொல்வதை அப்படியே நம்புகிற ஆளிடம் மட்டும் பேரத்துக்குப் போய்விடாதீர்கள்.