தரையில் நிற்கும் பைலட்

சென்ற வாரம் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா என்னை வேலியோரம் கூப்பிட்டார்.

"ஒங்க அண்ணனுக்கு என்னாம்மா ஆச்சு? காலையில பாத்தேன், கண்ண மூடிக்கிட்டு கைய சாய்ச்சு சாய்ச்சு நடக்குறாரு. சாமி கீமி வந்திருச்சா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

என் அண்ணன் ரவி ஒரு சாகச விமானி. விமானப் பந்தயங்களிலும் பறந்தவர். மலேசியாவில் எங்கள் ஊரான லூனாஸிலிருந்து ஆஸ்திரேலியா போய், வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டி, மெல்ல மெல்லப் பந்தயத்துக்குள் நுழைந்தார். தண்ணீருக்கு மேலே, ஒரு தென்னை மர உயரத்தில், காற்றடைத்த தூண்களுக்கு நடுவே விமானத்தைச் சாய்த்து நுழைக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதுதான் அவர் பிழைப்பு.

போன வருஷம் காதுக்குள் ஏதோ கோளாறு. திடீர் திடீரென்று தலைசுற்றல். டாக்டரின் ஒரே கையெழுத்தில் லைசென்ஸ் போயிற்று... வீட்டுக்கு வந்துவிட்டார்.

கண்ணை மூடி நடப்பது? சாகச விமானிகள் பறப்பதற்கு முன் செய்வதுதான் — உள்ளங்கையை விமானமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் தரையில் நடந்து பார்ப்பார்கள். நடந்து முடித்ததும் அவர்களுக்கு ஏற ஒரு விமானம் இருக்கும். அண்ணனுக்கு இல்லை.

அன்று மாலையே ஒரு போன். பழைய போட்டியாளர் டேவ், சாகசக் காட்சிக்காக லங்காவித் தீவுக்கு வந்திருக்கிறாராம். பயிற்சியின்போது கீழே நின்று ரேடியோவில் தவறுகளைச் சொல்ல ஆள் வேண்டுமாம்.

அண்ணன் முடியாது என்றார்.

"ஏன் அண்ணே? போய்த்தான் பாரேன் லா."

"கீழ நின்னு அவன் பறக்குறத அண்ணாந்து பாக்கவா? என்னால முடியாது, தேவி."

சனிக்கிழமை எனக்கு லீவு. ஃபெரி டிக்கெட் இரண்டு வாங்கினேன். குவாலா கெடா படகுத்துறை வரை காரில் அண்ணன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். ஆனால் வந்தார்!

ஓடுபாதை ஓரம், நல்ல வெயில். டேவ் மேலே போய்விட்டார். ரேடியோவை வாங்கிய அண்ணன் அண்ணாந்து பார்த்தார். விமானம் செங்குத்தாக எழுந்தது, தயங்கியது, மூக்கைக் கவிழ்த்தது.

"லேட்!" என்றார் அண்ணன். "மறுபடியும் போ. வெயிட்... வெயிட்... நவ்!"

அந்தச் சொல்லில் விமானம் திரும்பியது. அண்ணனின் இடது கை தானாகச் சாய்ந்தது. குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன. நாற்பத்தாறு வயது மனிதர்... நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டேவ் இறங்கி வந்து அவரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போன பிறகு கேட்டேன். "சந்தோஷமா, அண்ணே?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் குடிக்காமல் வானத்தையே பார்த்தார்.

"இல்ல லா. இன்னும் வலிக்குது... நாளைக்கும் வரச் சொல்றான். ஒனக்கு வேலையா?"

வேலைதான். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்கா ஃபேக்டரியில் இருக்கும் என் சூப்பர்வைசருக்கு என்ன காரணம் சொல்ல? காய்ச்சலா? வயிற்றுவலியா? யோசித்துப் பார்த்து, உண்மையையே மெசேஜ் அனுப்பினேன்:

"அண்ணன் பறக்கணும். ஒரு நாள் லீவு வேணும்."