வெண்ணெயும் சோப்பும் ஒரே அறையில்

கடை வாசலில் பெரிய பலகை தொங்குகிறது: ‘அண்ணன் தம்பி பண்ணை’. அண்ணன் டிராக்டர் ஓட்டுவான், தம்பி லாரி ஓட்டுவான். கடைக்குள் இருவரும் தலைகாட்டுவது சாப்பாட்டு நேரத்தில்தான். பால் கறந்து, தயிர் கடைந்து, கீரை கட்டி, கல்லாவில் உட்கார்ந்து, கடைசியில் தரையும் கழுவுவது அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள். பலகையில் அவர்களுக்கு ஓர் எழுத்துக்கூட இடமில்லை.

மூத்தவள் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அவள் வயிறு எரிந்ததெல்லாம் ஜன்னலைப் பார்த்துத்தான்.

தெருவைப் பார்த்த அந்தக் கண்ணாடி ஜன்னலில் முன்பு அவளுடைய நெய் பாட்டில்களும் முட்டைக் கூடைகளும் இருந்தன. தம்பியின் மனைவியாக ஓரகத்தி வந்தாள். எலுமிச்சைப் புல் போட்டுச் சோப்பு காய்ச்சினாள், வைக்கோலில் பரிசுக் கூடை பின்னினாள். வருகிறவர்கள் எல்லாம், “ஐயோ, என்ன அழகு!” என்றார்கள். நெய்யைப் பார்த்து எவராவது ஐயோ என்பார்களா? முட்டை மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஜன்னல் முழுக்கச் சோப்பு.

மூத்தவளுக்கு மிச்சமிருந்தது வெண்ணெய் ஒன்றுதான். பெரிய பேக்கரிக்காரர் ருசி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் தினமும் அவருக்கே. கடையைத் தாங்குவது யார் என்று அப்போது தெரியும்.

அவர் வருவதற்கு முந்தின நாள், ஓரகத்தி கீரை பறிக்கப் போன நேரம் பார்த்து, சோப்புத் தட்டுகளை எல்லாம் குளிர் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஜன்னலில் நெய் பாட்டில்கள் ஏறின. கேட்டால், ‘வெயில்ல உருகிடும்னு வச்சேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஓரகத்தி கேட்கவே இல்லை. அதுவும் மூத்தவளுக்கு எரிந்தது.

அந்தக் கடையில் பிளாஸ்டிக் கிடையாது. வெண்ணெயை வெறும் மெல்லிய துணியில் சுற்றி அதே குளிர் அறையில்தான் வைப்பார்கள்.

மறுநாள் பேக்கரிக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

“ஏம்மா, இது வெண்ணெயா? எலுமிச்சைப் புல்லுல குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கே!”

சாப்பிட வந்திருந்த மூத்தவளின் புருஷன், “யாரு கண்ணு பட்டுச்சோ” என்றான்.

கண் பட்டு எங்கும் வெண்ணெய் கெட்டதில்லை. கை பட்டுத்தான் கெடும். அந்தக் கை முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

ஓரகத்தி குளிர் அறையைத் திறந்தாள். தட்டுகளைப் பார்த்தாள், மூத்தவளைப் பார்த்தாள். திரும்பி வந்து, “மன்னிச்சுக்கோங்க சார். சோப்ப நான்தான் தெரியாம உள்ள வச்சுட்டேன்” என்றாள்.

பேக்கரிக்காரர் முகம் இளகியது. “பரவால்லம்மா, ஒத்துக்கிட்டியே. நல்ல பொண்ணு.”

நல்ல பொண்ணு! சோப்பும் அவளுடையது, ஜன்னலும் அவளுடையது, இப்போது பெரிய மனசும் அவளுடையதா? மூத்தவளுக்கு அது தாங்கவில்லை.

“அவ ஒண்ணும் வைக்கல, நான்தான் வச்சேன்! ஜன்னல்ல இவ பொருளையே எல்லாரும் பாக்குறாங்கன்னு பொறாமையில வச்சேன். போதுமா?”

புருஷன் கையில் எடுத்த சோறு பாதியில் நின்றது. பேக்கரிக்காரர் சிரித்தே விட்டார். “சரி, புதுசாக் கடைஞ்சு வைங்க. வியாழக்கிழமை வர்றேன். சோப்ப மட்டும் தள்ளி வைங்கம்மா” என்று கிளம்பினார்.

இருவரும் தட்டுகளை வெளியே தூக்கி வந்தார்கள்.

“பாதி ஜன்னல் எனக்கு வேணும்டி.”

“எடுத்துக்கோங்கக்கா. பாதி ஜன்னலுக்கு நாம மல்லுக்கட்டுறோம். மேல முழுசா ஒரு பலகை தொங்குது, அத எப்பவாவது படிச்சிருக்கீங்களா?”

மூத்தவள் வாசலுக்குப் போய் நிமிர்ந்து படித்தாள். முதல் தடவையாக, ஒவ்வொரு எழுத்தாக. பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள்:

“என்னங்க, சாப்பிட்டு அந்த ஏணிய எடுத்துட்டு வாங்க!”

ஏணி வரும்வரை அவள் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. இந்த யோசனையாவது தனக்கு முதலில் வந்திருக்கக் கூடாதா?